பூட்டான்காரனாக வேடமிட்ட கொரியன்: ‘பாங்கா? பாங்கா!’ படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2010-இல் வெளிவந்த இந்தத் தென்கொரிய நகைச்சுவைப் படத்தை யாருக்காவது பரிந்துரைத்தால், பார்த்து முடித்த கையோடு அவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். படத்தின் முடிவை மட்டும் எங்கும் சொல்லவில்லை.

கதை என்ன?

பாங் டே-சிக் நெடுநாளாக வேலை கிடைக்காமல் அலைகிற இளைஞன். குள்ளமான உருவம், கறுத்த முகம். போகிற நேர்முகத் தேர்வெல்லாம் தோல்வி. கரோக்கே கடை நடத்தும் நண்பன் யோங்-சோல் ஒரு குறுக்குவழி சொல்கிறான்: கொரியனாக இருந்து வேலை கிடைக்கவில்லை என்றால் வெளிநாட்டுக்காரனாக மாறிவிடு. வேறு சில நாட்டுக்காரனாகச் சொல்லிப் பார்த்து மாட்டிக்கொண்ட பிறகு, பூட்டானிலிருந்து வந்த ‘பாங்கா’ என்ற பெயரில் நாற்காலி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நுழைகிறான். அங்கே பல ஆசிய நாடுகளைச் சேர்ந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஜாங்-மி என்ற வியட்நாமியப் பெண்மீது இவனுக்குக் காதல் வருகிறது. ‘வந்த வேகத்தில் இவ்வளவு நன்றாகக் கொரிய மொழி பேசுகிறானே’ என்ற வியப்பில் மற்றவர்கள் இவனைத் தங்கள் தலைவனாகவே ஏற்றுக்கொள்கிறார்கள். வெளிநாட்டவருக்கான பாட்டுப்போட்டி ஒன்றும், ஆவணம் இல்லாதவர்களைத் தேடிவரும் குடிவரவு அதிகாரிகளும் கதையின் பின்பாதியை நகர்த்துகிறார்கள்.

யுக் சாங்-ஹ்யோ இயக்கியது. பாங்காவாக நடித்தவர் கிம் இன்-க்வோன். அதற்கு முந்தைய ஆண்டு ஆழிப்பேரலையை வைத்து வந்த ‘ஹேஉண்டே’ என்ற பெரும் வெற்றிப்படத்தில் துணைப் பாத்திரத்தில் வந்த அதே முகம்.

தலைப்புக்குப் பொருள் உண்டா?

உண்டு, சிலேடையும் உண்டு. கொரியாவில் கணினி அரட்டை புதிதாக இருந்த நாட்களில், ‘உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி’ என்பதைச் செல்லமாகச் சுருக்கி ‘பாங்கா பாங்கா’ என்று தட்டச்சு செய்வார்கள். நாயகனின் குடும்பப் பெயரும் பாங். குடும்பப் பெயரோடு ‘கா’ என்ற விகுதியைச் சேர்த்து ஒருவரைக் குறிப்பிட்டால் அதில் மரியாதைக் குறைவு தொனிக்கும். நம் ஊரில் ‘அந்தப் பாங் பயல்’ என்பது போல. ஆக, ஒரே சொல்லில் வரவேற்பும் இளக்காரமும் இருக்கின்றன. முதல் ‘பாங்கா’வுக்குப் பின் கேள்விக்குறி, இரண்டாவதற்குப் பின் வியப்புக்குறி. ‘இவன் யார்?’ என்று தொடங்கி ‘வாருங்கள்!’ என்று முடிகிறது என எடுத்துக்கொள்ளலாம். வெளிநாடுகளுக்காக வைத்த ஆங்கிலத் தலைப்பில் இது எதுவும் இல்லை. ‘அவன் பணியில் இருக்கிறான்’ என்று அலுவலக அறிவிப்புப் பலகை போல அது நிற்கிறது.

நேபாளம், வங்கதேசம் எல்லாம் இருக்க ஏன் பூட்டான்?

கதைக்குள் காரணம் எளிது. பூட்டான்காரரை அங்கே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த மொழியைப் பேசிக் காட்டச் சொல்லி மடக்கவும் ஆள் இல்லை.

கதைக்கு வெளியே இன்னொரு காரணம் எனக்குப் படுகிறது. தென்கொரியா வெளிநாட்டுத் தொழிலாளர்களை எங்கிருந்து வேண்டுமானாலும் எடுப்பதில்லை. அரசுகளுக்கு இடையே ஒப்பந்தம் செய்துகொண்ட குறிப்பிட்ட நாடுகளிலிருந்து மட்டுமே எடுக்கிறது. பிலிப்பைன்ஸ், மங்கோலியா, இலங்கை, வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேசியா ஆகியவை அந்தப் பட்டியலில் முதலில் இடம்பெற்றவை. நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், உஸ்பெகிஸ்தான் போன்றவை பின்னர் சேர்ந்தன. பூட்டான் அதில் இல்லை. இந்தியாவும் இல்லை. சட்டப்படி ஒரு பூட்டான்காரர் அந்த நாற்காலித் தொழிற்சாலைக்கு இந்த வழியில் வந்து சேரவே முடியாது. முதலாளிக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள அக்கறை இல்லை. மலிவாக இரண்டு கைகள் கிடைத்தால் போதும். அந்தக் கைகளுக்கு மேலே இருக்கும் முகம் எந்த நாட்டுடையது என்பது அவர் கணக்கில் வராது. படத்தின் மிகக் கசப்பான நகைச்சுவை இது. யாரும் வாய்விட்டுச் சிரிக்காத இடமும் இதுதான்.

ஒரு கொரியர் ஏழை ஆசிய நாட்டுக்காரராக வேடம் போடுவது இனக்கேலி இல்லையா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. கேட்கவும் வேண்டும். கொரிய நகைச்சுவைக்கு இதில் நல்ல பெயர் கிடையாது. 1980-களின் இறுதியில் கேபிஎஸ் தொலைக்காட்சியில் இரண்டு நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடிப்பாடிய ‘சிகோமொன்ஸு’ என்ற பகுதி பெரும் புகழ் பெற்றிருந்தது. 1988 சியோல் ஒலிம்பிக்குக்கு உலகமே வரப்போகிறது என்றதும் அதை நிறுத்திவிட்டார்கள். உள்ளூரில் யார் மனமாவது புண்படும் என்பதற்காக அல்ல, விருந்தாளிகள் பார்த்துவிடுவார்களே என்பதற்காக. பாடம் கற்றதாகவும் சொல்ல முடியாது. 2017-இல் எஸ்பிஎஸ் தொலைக்காட்சியின் நகைச்சுவை நிகழ்ச்சியில் மீண்டும் ஒருவர் முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு வந்தார், கண்டனம் எழுந்தது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

இந்த வரிசையில் ‘பாங்கா’வை வைக்கலாமா? முழுதாக வைக்க முடியாது என்பது என் கருத்து. கரி பூசி ஆடியவர்களின் நோக்கம், அந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்க வைப்பது. பாங்காவின் வேடத்தில் சிரிப்பு வேறு பக்கம் திரும்புகிறது. தாய்மொழியை நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவன், குறைந்த கூலி வேலைக்காக அதை வேண்டுமென்றே உடைத்துப் பேசுகிறான். ஒரு சொல்லைச் சரியாக உச்சரித்துவிட்டால் பிழைப்பு போய்விடும். அவன் வாய் தவறிச் சரளமாகப் பேசிவிட்டு உடனே திக்கும்போது, நாம் சிரிப்பது வெளிநாட்டவரின் திக்கலைப் பார்த்து அல்ல. ஒரு கொரியன் தன் சொந்த மண்ணிலேயே அந்நியனாக நடித்தால்தான் சோறு என்ற நிலையைப் பார்த்து.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு முள் மிச்சம் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. கதை புறப்படும் இடமே ஒரு மட்டமான நகைச்சுவை: குள்ளமாக, கறுப்பாக, அழகில்லாமல் இருப்பவன் ‘தென்கிழக்கு ஆசியாக்காரன் மாதிரி’ இருக்கிறான் என்பது. கொரியத் தெருக்களில் இப்படி ஒருவரைக் கிண்டல் செய்வது சாதாரணம். படம் அந்தக் கிண்டலைக் கேள்வி கேட்காமல் வாகனமாக எடுத்து ஏறிக்கொள்கிறது. போய்ச் சேர்ந்த ஊர் நல்ல ஊர்தான். வண்டி திருட்டு வண்டி.

‘பிளாங்கா’ என்ற இலங்கைக் கதாபாத்திரத்துக்கும் பாங்காவுக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் பிளாங்காவைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் படத்தை முழுதாக ரசிக்க முடியாது. இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தவும் செய்யலாம்.

2004-இல் கேபிஎஸ் தொலைக்காட்சியின் ‘போக்ஸோ கிளப்’ என்ற நிகழ்ச்சியில் ஜோங் சோல்-க்யு என்ற கொரிய நகைச்சுவைக் கலைஞர், இலங்கையிலிருந்து வந்த தொழிலாளி ‘பிளாங்கா’வாக மேடையேறினார். உடைந்த கொரிய மொழியில் தன் தொழிற்சாலை அனுபவங்களைச் சொல்லிவிட்டு, ‘என்ன இது?’ என்று கேட்பார். ‘முதலாளி மோசம்’ என்று அவர் சொன்ன வாக்கியம் நாடெங்கும் பரவியது. சம்பளம் தராத முதலாளி, அடிக்கிற மேலாளர் என்று அவர் சொன்னவை எல்லாம் உண்மையில் நடந்துகொண்டிருந்தவை. அந்த வகையில் கொரியப் பார்வையாளர்களின் முகத்துக்கு நேரே கண்ணாடி காட்டியவர் அவர். ஆனால் பள்ளிப் பிள்ளைகள் அந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, தெருவில் போகும் தெற்காசியர்களைப் பார்த்துக் கத்தினால் என்ன ஆகும்? முதலாளியை நோக்கி எறிந்த கல் தொழிலாளியின் தலையில் விழும்.

அதனால்தான் பாங்காவை நான் பிளாங்காவுக்குச் சொன்ன மறுமொழியாகப் பார்க்கிறேன். பிளாங்காவில் நடிகர் கொரியர், பாத்திரம் இலங்கையர், பார்வையாளர் கொரியர். உண்மையான இலங்கையர் எங்கும் இல்லை. பாங்காவில் வேடம் போடுகிறவன் தன்னைச் சுற்றி உண்மையான வெளிநாட்டவர்களுடன் நிற்கிறான். அவர்களை ஏமாற்ற வேண்டியிருக்கிறது, அவர்களுக்குப் பதில் சொல்லவும் வேண்டியிருக்கிறது.

எல்லோரும் பேசும் அந்த ‘வசைமொழி வகுப்பு’க் காட்சியில் அப்படி என்ன இருக்கிறது?

பாங்கா தன் சக தொழிலாளர்களை மாணவர்களாக உட்கார வைத்து, கொரிய மொழியின் கெட்ட வார்த்தைகளை இலக்கணப் பாடம் போலச் சொல்லித் தருகிறான். எந்தச் சொல்லை எந்தத் தொனியில் சொன்னால் என்ன பொருள், எது கோபம், எது செல்லம் என்று வகைப்படுத்துகிறான். மாணவர்கள் மிகுந்த பக்தியோடு கவனிக்கிறார்கள்.

அந்தச் சொற்கள் அவர்களுக்குப் புதியவை அல்ல என்பதில்தான் காட்சியின் உயிர் இருக்கிறது. தொழிற்சாலையில் அவர்கள் அன்றாடம் கேட்பவை அவை. பெயரைவிட அதிகமாக அவற்றால்தான் அழைக்கப்படுகிறார்கள். கொரிய மொழியில் மரியாதைக்கும் மரியாதையின்மைக்கும் வினைமுற்றிலேயே வேறுபாடு உண்டு. நம் ‘வா’, ‘வாருங்கள்’ போல, இன்னும் பல படிகளோடு. வெளிநாட்டுத் தொழிலாளி ஐம்பது வயதுக்காரராக இருந்தாலும் இருபது வயது மேற்பார்வையாளர் அவரை ‘வா, போ’ என்றே பேசுவார். அப்படியே கேட்டுக் கேட்டு மொழி பழகியவர், பதிலுக்கு முதலாளியிடம் அதே ஒருமையில் பேசினால் அடி விழும். அவர் கற்றது அந்த மொழி மட்டும்தானே!

இந்த அநியாயத்தை ஒரு சமூகப்படம் கண்ணீரோடு விளக்கியிருக்கும். இந்தப் படம் அதை வகுப்பறை ஆக்கிவிடுகிறது. தங்கள்மீது எறியப்பட்ட சொற்களை அவர்கள் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கிறார்கள், எடை போடுகிறார்கள், உச்சரித்துப் பழகுகிறார்கள். சிரிப்பை உண்டாக்குகிறவர்கள் அவர்கள். பிரதிநிதித்துவம் என்ற சொல்லை நாம் பெரும்பாலும் ‘திரையில் எத்தனை பேர்’ என்று எண்ணிப் பார்க்கவே பயன்படுத்துகிறோம். நகைச்சுவையில் அந்தக் கணக்கு போதாது. சிரிக்கப்படுகிறவராக நிற்கிறாரா, சிரிக்க வைக்கிறவராக நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு காட்சிக்காகவே இப்படத்தின் வேறு பல பிழைகளை நான் மன்னித்துவிடுவேன்.

தொழிற்சாலை வாழ்க்கையை உண்மையாகக் காட்டியிருக்கிறார்களா?

மிகைப்படுத்தல் இருக்கிறது, நகைச்சுவைப் படமாயிற்றே. ஆனால் அடித்தளம் உண்மை. 1990-களில் தென்கொரியா வெளிநாட்டவரைத் ‘தொழில் பயிற்சியாளர்’ என்ற பெயரில் வரவழைத்தது. பயிற்சியாளர் என்பதால் தொழிலாளிக்குரிய சட்டப் பாதுகாப்பு முழுதாகக் கிடைக்காது. வேலை மட்டும் முழுநேர வேலை. சம்பளம் போதாமல், அடி தாங்காமல் பலர் தொழிற்சாலையை விட்டு ஓடினார்கள். ஓடியவர் அன்றிலிருந்து ‘சட்டவிரோதி’. இதைச் சரிசெய்ய 2004 ஆகஸ்டில் வேலை அனுமதி முறை நடைமுறைக்கு வந்தது. பயிற்சியாளர் முறை 2007-இல் ஒழிந்தது.

புதிய முறையில் தொழிலாளர் சட்டமும் குறைந்தபட்சக் கூலியும் பொருந்தும். படம் வந்த 2010-இல் அது மணிக்கு 4,110 வோன். ஆனால் ஒரு பெரிய பூட்டு அப்படியே இருந்தது: முதலாளியை மாற்றும் உரிமை. முதல் மூன்று ஆண்டுகளில் மூன்று முறைக்கு மேல் பணியிடம் மாற முடியாது. அதற்கும் சட்டம் ஏற்கும் காரணம் வேண்டும். விருப்பப்படி விலகினால் விசா போய்விடும். படத்தில் முதலாளியை எதிர்க்கத் தொழிலாளர்கள் ஏன் இவ்வளவு தயங்குகிறார்கள் என்று சில நண்பர்கள் கேட்டார்கள். பயந்த சுபாவம் என்பது பதில் அல்ல. நாட்டில் தங்கும் உரிமையே அந்த முதலாளியின் கையெழுத்தில் தொங்குகிறது என்பதுதான் பதில்.

சங்கம் வைத்தால் என்ன என்றும் கேட்கலாம். 2005-இல் வைத்தார்கள். ஆவணமற்றவர்கள் உறுப்பினர்களாக இருக்கிறார்கள் என்று அரசு அதைப் பதிவு செய்ய மறுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007-இல் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்த பிறகும், உச்ச நீதிமன்றத்தில் வழக்கு எட்டு ஆண்டுகள் கிடந்து 2015-இல்தான் தீர்ந்தது. பாங்கா நாற்காலி செய்துகொண்டிருந்த காலத்தில், அவனுடைய நண்பர்களுக்கு அரசு ஒப்புக்கொண்ட சங்கம் கிடையாது.

அந்த நேரத்தில் இப்படி ஒரு படம் வரக் காரணம் என்ன?

கொரியாவில் வாழும் வெளிநாட்டவரின் எண்ணிக்கை 2007-இல் பத்து லட்சத்தைத் தாண்டியது. ‘நாங்கள் ஒரே ரத்தம்’ என்று பாடப்புத்தகத்தில் படித்து வளர்ந்த சமூகத்துக்கு அது அதிர்ச்சியான எண். அதே ஆண்டில் ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, இந்தத் தூய ரத்தப் பெருமையை விட்டுவிடுமாறு கொரியாவுக்கு அறிவுரை கூறியது. 2008-இல் பன்முகப் பண்பாட்டுக் குடும்ப ஆதரவுச் சட்டம் வந்தது. பெயரைக் கவனியுங்கள்: ‘குடும்ப’ ஆதரவு. கொரியரைத் திருமணம் செய்துகொண்டு வந்தவருக்கு அதில் இடம் உண்டு. தொழிற்சாலைக்கு வந்த தனி ஆளுக்கு இல்லை. மருமகள் வேண்டும், கூலிக்காரன் திரும்பிப் போய்விட வேண்டும் என்ற மனக்கணக்கு.

2009 ஜூலையில், புச்சோன் நகரத்தில் ஓடிய பஸ் ஒன்றில், இந்தியாவைச் சேர்ந்த ஆராய்ச்சிப் பேராசிரியர் ஒருவரை ஒரு கொரியர் அவருடைய நிறத்தையும் நாட்டையும் சொல்லித் திட்டினார். பேராசிரியர் விடவில்லை. திட்டியவருக்கு நீதிமன்றம் பத்து லட்சம் வோன் அபராதம் விதித்தது. இனப்பாகுபாட்டுக்கென்று தனிச்சட்டம் இல்லாததால், பொதுவான அவமதிப்புக் குற்றத்தின் கீழ்தான் வழக்கை நடத்த வேண்டியிருந்தது. அனைத்துப் பாகுபாடுகளையும் தடைசெய்யும் சட்டம் ஒன்று 2007-இலிருந்து முன்வைக்கப்பட்டு முன்வைக்கப்பட்டுக் கிடப்பில் போகிறது.

அதே 2009 அக்டோபரில் ‘மினு’ நாடு கடத்தப்பட்டார். 1992-இல் நேபாளத்திலிருந்து வந்து பதினேழு ஆண்டுகளுக்கு மேல் கொரியாவில் வாழ்ந்தவர். தொழிலாளர்களைக் கொண்ட இசைக்குழு ஒன்றின் பாடகர். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மேடையில் பாட, வாசலில் குடிவரவு அதிகாரிகள் நிற்கும் காட்சி அடுத்த ஆண்டே திரையில் வந்தபோது, விவரம் தெரிந்தவர்களுக்கு மினுவின் நினைவு வராமல் இருந்திருக்காது. படம் அவரை மனத்தில் வைத்து எடுக்கப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஊரே அப்படித்தான் இருந்தது.

வேலையில்லாத கொரிய இளைஞனின் கதையையும் இதில் ஏன் கலந்தார்கள்?

படத்தின் புத்திசாலித்தனம் அங்கே இருக்கிறது. ‘வெளிநாட்டவர் வந்து எங்கள் வேலையைப் பறித்துக்கொள்கிறார்கள்’ என்ற புகாரை எல்லா நாடுகளிலும் கேட்கலாம். இங்கே ஒரு கொரியன், வெளிநாட்டவருக்கு ஒதுக்கிய வேலையைப் பொய் சொல்லிப் பறிக்கிறான்! பறித்துப் பார்த்தால்தான் தெரிகிறது, அது பறிக்கத் தகுந்த வேலையே அல்ல என்று.

இதற்கு அடியில் ஒரு பழைய நினைவும் ஓடுகிறது. 1963 முதல் 1977 வரை ஏறக்குறைய 8,000 கொரிய ஆண்கள் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும், 10,000-க்கும் மேற்பட்ட கொரியப் பெண்கள் அங்குள்ள மருத்துவமனைகளுக்குச் செவிலியராகவும் போனார்கள். படித்தவர்கள்கூடச் சுரங்க வேலைக்குத் தகுந்தவர்களாகக் காட்டிக்கொள்ளக் கைகளைக் காய்ப்பேற்றிக்கொண்டார்கள் என்று குடும்பங்களில் கதை சொல்வார்கள். பிழைப்புக்காக வேறொருவராக நடிப்பது கொரியத் தாத்தாக்களுக்குத் தெரிந்த வித்தை.

வெளிநாட்டுப் பாத்திரங்களில் நடித்தவர்கள் உண்மையில் வெளிநாட்டவர்களா?

தொழிற்சாலையின் ஆண் தொழிலாளர்களாக வருபவர்களில் கொரியாவில் வாழ்ந்த வெளிநாட்டு நடிகர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய உச்சரிப்பில் செயற்கை இல்லை. உடன் நடிப்பவர் உண்மையாகவே வேறு நாட்டுக்காரர் என்பதால், கிம் இன்-க்வோனின் போலி உச்சரிப்பு போலியாகவே கேட்கிறது. கேட்கவும் வேண்டும்.

ஆனால் காதலியான ஜாங்-மி பாத்திரத்தில் நடித்தவர் வியட்நாமியர் அல்ல. ஷின் ஹ்யோன்-பின் என்ற கொரிய நடிகை. இது அவருடைய முதல் படம். 2011-இல் பேக்சாங் கலை விருதுகளில் சிறந்த புதுமுக நடிகை விருது பெற்றார். பின்னாளில் ‘ஹாஸ்பிடல் ப்ளேலிஸ்ட்’ தொடரில் மருத்துவராக வந்தவர் என்றால் தொடர் ரசிகர்களுக்குச் சட்டென்று விளங்கும். நன்றாகத்தான் நடித்தார், அதில் குறை இல்லை. குறை வேறு. சிரிக்க வைக்க வெளிநாட்டவர் போதும், காதலிக்கப்படுவதற்கு மட்டும் கொரிய முகம் வேண்டும் என்று தயாரிப்பு நினைத்ததுபோல் இருக்கிறது. ஒரு கொரியன் வேறு நாட்டுக்காரனாக நடிப்பதையே கதையாக வைத்திருக்கும் படத்தில், ஒரு கொரியப் பெண் வியட்நாமியராக நடிப்பதை யாரும் கவனிக்காதது போல விட்டுவிட்டார்கள். இதை ஒரு வரி வசனத்திலாவது கிண்டல் செய்திருந்தால் நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

பெண்களை எப்படிக் காட்டியிருக்கிறது?

சுமார். ஜாங்-மிக்குத் தன்மானம் இருக்கிறது, கோபம் இருக்கிறது. ஆனால் அவளுடைய கோபம்கூட நாயகனின் மனமாற்றத்துக்கு உதவத்தான் வருகிறது. ஆண் தொழிலாளர்களுக்குக் கிடைத்த கோமாளித்தனம் செய்யும் சுதந்திரம் அவளுக்குக் கிடைக்கவில்லை. அழகாகவும் பாவமாகவும் இருக்க வேண்டிய கட்டாயம்.

இதைப் பார்த்துவிட்டு அடுத்து எதைப் பார்க்கலாம்?

‘வான்டெகி’ (2011). கிம் ரியோ-ரியோங்கின் நாவலைத் தழுவி லீ ஹான் இயக்கியது. ஐம்பது லட்சத்துக்கும் அதிகமானோர் திரையரங்கில் பார்த்த படம். கூன் விழுந்த அப்பா, இருக்கிறாள் என்றே தெரியாத பிலிப்பைன்ஸ் அம்மா, பக்கத்து வீட்டிலேயே குடியிருந்து உயிரை வாங்கும் வாத்தியார் என்று ஒரு பையனின் கதை. நகைச்சுவை அதிகம், ஆனால் அம்மா வரும் இடங்களில் குரல் தாழ்ந்துவிடும். அந்த அம்மாவாக நடித்தவர் ஜாஸ்மின் லீ. பிலிப்பைன்ஸில் பிறந்து, கொரியரை மணந்து, குடியுரிமை பெற்றவர். படம் வந்த மறு ஆண்டே, 2012-இல், கொரிய நாடாளுமன்ற உறுப்பினரானார். குடியேறி வந்த வேற்றினத்தவர் ஒருவர் அங்கே போனது அதுவே முதல் முறை. திரையில் அவரைப் பார்த்துக் கண்ணீர் விட்ட நாட்டில், நாடாளுமன்றத்துக்கு வந்ததும் இணையத்தில் அவர்மீது கொட்டிய வசைக்கு அளவில்லை. பாவப்பட்ட அம்மாவாக இருக்கும்வரை பிடித்திருந்தது. சட்டம் இயற்ற உட்கார்ந்ததும் பிடிக்கவில்லை.

சிரிப்பு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை என்றால், 2009-இல் வந்த ‘பாந்தோபி’யையும் பாருங்கள். வங்கதேசத் தொழிலாளிக்கும் பள்ளி மாணவிக்கும் இடையிலான நட்பு. நாயகனாக நடித்த மஹ்பூப் ஆலம், வங்கதேசத்திலிருந்து தொழிலாளியாகவே கொரியாவுக்கு வந்தவர்.

இயக்குநர் யுக் சாங்-ஹ்யோ இந்த ஒரு படத்தோடு இந்த விஷயத்தை விட்டுவிட்டாரா?

இல்லை, அவருக்கு ஓரத்தில் நிற்பவர்கள்மீது ஒரு கண் எப்போதும் உண்டு. 2002-இல் அவர் எடுத்த ‘அயர்ன் பாம்’, காதலியைத் தேடி லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போகும் கொரியனின் கதை. அங்கே அந்நியன் கொரியன்தான். 2019-இல் வந்த ‘என் சிறப்பான சகோதரன்’ உடல் இயக்கமற்ற ஒருவரும் அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவரும் ஒருவருக்கொருவர் கையாகவும் தலையாகவும் வாழ்வதைப் பேசுகிறது. ஷின் ஹா-க்யுனும் லீ க்வாங்-சூவும் நடித்தார்கள். உண்மை மனிதர்கள் இருவரின் வாழ்க்கையிலிருந்து பிறந்த கதை. அதிலும் இவருடைய பழக்கம் தெரிகிறது: பரிதாபம் தலைகாட்டும் நேரத்தில் யாராவது ஒருவர் குறும்பு செய்துவிடுவார். ஆனால் அங்கும் மாற்றுத்திறனாளிகளாக நடித்தவர்கள் மாற்றுத்திறனாளிகள் அல்லர். ஜாங்-மி விஷயத்தில் சொன்ன குறை ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியே.

துணையெழுத்தில் பார்த்தால் எதை இழப்போம்?

நிறைய. முக்கியமாக, யார் யாரை எந்த மரியாதையில் பேசுகிறார்கள் என்பது ஆங்கிலத் துணையெழுத்தில் கரைந்துவிடும். எல்லோரும் எல்லோரையும் ‘யூ’ என்கிறார்கள். காதைத் தீட்டிக்கொண்டு ‘சாஜாங்னிம்’ என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ‘முதலாளி ஐயா’ என்று பொருள். கொரியாவில் வெளிநாட்டுத் தொழிலாளி முதலில் கற்கும் சொற்களில் ஒன்று. பிளாங்காவின் புகழ்பெற்ற வாக்கியத்திலும் அதுவே இருந்தது. 2021-இல் வந்த ‘ஸ்குவிட் கேம்’ தொடரில் பாகிஸ்தான் தொழிலாளி அலியும், தனக்குப் பஸ் கட்டணம் கொடுத்து உதவிய சாங்-வூவை அப்படித்தான் அழைப்பார். ‘அண்ணன் என்று கூப்பிடு’ என்பார் சாங்-வூ. அதன் பிறகு அந்த அண்ணன் என்ன செய்தார் என்பது தொடரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அப்படியானால் நிலைமை மாறியிருக்கிறதா?

அலியாக நடித்தவர் அனுபம் திரிபாதி. தில்லியிலிருந்து போய்க் கொரிய தேசியக் கலைப் பல்கலைக்கழகத்தில் நடிப்பு படித்தவர். பாகிஸ்தானியராக இந்தியர் நடித்தார் என்றாலும், பிளாங்கா காலத்தோடு ஒப்பிட்டால் நெடுந்தூரம் வந்திருக்கிறார்கள். ஆனால் அலியைக் கவனியுங்கள்: நல்லவர், வலியவர், பணிவானவர், ஏமாளி. உலகமே அவருக்காக அழுதது. அவர் ஒரு நகைச்சுவை சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. நாற்காலித் தொழிற்சாலைக்காரர்கள் அவரைவிடச் சில்லறைத்தனமானவர்கள், பொறாமைக்காரர்கள், வாயாடிகள். அதனாலேயே அவர்களோடு ஒரு மாலைப்பொழுதைக் கழிக்க எனக்கு அதிக விருப்பம்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

வசைமொழி வகுப்பு இருக்கிறது என்று சொன்னேனே. மறுநாள் காலை உங்கள் வீட்டில் கொரிய மொழி ஒலித்தால் நான் பொறுப்பல்ல.